விரட்டும், கொல்லாது

அகராதியாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது வங்கிக்காரர்கள் மட்டும்தான் உபயோகிக்கிறார்கள். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து மருத்துவச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு ‘அகராதியார்’ என்ற பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவனையும் நம் ஆட்கள் ‘அகராதி பிடிச்சவன்’ என்றுதான் சொல்வார்கள். அதுவும் அவருக்குப் பொருந்தியதால், பெயரை மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை.

அவருடைய அலுவலகம் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசையில் பேனா உருளும். பழைய மருந்து அட்டைப்பெட்டிகளில் சொற்சீட்டுகள் எழுத்து வரிசைப்படி அடுக்கியிருக்கும். இருமல் மருந்துப் பெட்டிக்குள் இதய நோய்கள், பேதி மாத்திரைப் பெட்டிக்குள் கண் நோய்கள். ஓய்வு பெற்ற தோல் டாக்டர் ஒருவர் மத்தியான வேளைகளில் வந்து, எழுதி வைத்ததைச் சரிபார்ப்பார். சம்பளம் இல்லாத வேலை அது. வீட்டில் மருமகள் இருக்கிற நேரம் பார்த்து இங்கே வருகிறார் என்று அச்சகத்தில் பேச்சு.

அகராதியாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்தச் சொல்லைக் கேட்டாலும் முதலில் வேர், பிறகு பொருள், கடைசியாக உதாரணம். இந்த வரிசை மாறாது. தலைவலி மாத்திரை எங்கே என்று மனைவி கேட்டால், மைக்ரேன் என்ற சொல் கிரேக்கத்தில் ‘பாதி மண்டை’ என்பதிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பார். “நீங்க மாத்திரையை எடுக்கறதுக்குள்ள மீதிப் பாதியும் வலிக்க ஆரம்பிச்சுடும்” என்பாள் அவள். அவர் சிரிப்பார். கேட்டது மாத்திரை, கொடுத்தது வேர் என்பது அவருக்குக் கடைசிவரை உறைத்ததில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களால் வருகிற தொல்லை இருக்கிறதே, அதற்குக் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அந்த வாரம் அவர் புழு மருந்துகளில் உட்கார்ந்திருந்தார். டாக்டருக்கும் அவருக்கும் மல்லுக்கட்டு. குடற்புழுவுக்குக் கொடுக்கிற மருந்து எல்லாவற்றுக்கும் ‘புழுக்கொல்லி’ என்று ஒரே பெயரைப் போட்டு வேலையை முடிக்கலாம் என்பது டாக்டர் கட்சி.

“ஒரே சாக்குல போட்டுக் கட்டுறதுக்கு இது உருளைக்கிழங்கா டாக்டர்?” என்றார் அகராதியார். “ஆன்தெல்மின்டிக்னா கிரேக்கத்துல ‘புழுவுக்கு எதிர்’. எதிர்னு மட்டும்தான் சொல்லுது, என்ன செய்யும்னு சொல்லலை. எதிர்க்கட்சி மாதிரி. வெர்மிசைடு லத்தீன். புழுவைக் கொல்றது. வெர்மிஃபியூஜும் லத்தீன்தான், ஆனா அதுல கொலை இல்லை. ஃபியூஜ்னா விரட்டுறது. காய்ச்சலை விரட்டுற மருந்துக்கும் அதே வால்தான் போட்டாங்க. ஆக ஒண்ணு கொல்லி, ஒண்ணு விரட்டி.”

“செத்து வந்தா என்ன, உயிரோட வந்தா என்ன? வெளிய வந்தா சரி.”

“புழுவைக் கேட்டுப் பாருங்க, வித்தியாசம் சொல்லும்.”

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தால் அவர் விட்டுக்கொடுத்த மாதிரி. ‘புழுக்கொல்லி’ தனி, ‘புழுவிரட்டி’ தனி என்று இரண்டு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டபோது அகராதியாருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம்தான் தங்கையின் போன் வந்தது. அவர் மேசையில் உட்கார்ந்து கிழிந்த சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் பசை. மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்தாள்.

தங்கை ஊரின் மறுகோடியில் இருந்தாள். அவள் கணவர் குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பழுது பார்க்கிற மெக்கானிக். வேலைக்காக வெளியூர் போயிருந்தார். அவர்களுக்கு ஒரே பெண், பள்ளியில் சேர்ந்து முதல் வருஷம். ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை என்பதால் எல்லோருக்கும் அவள் ‘வாலு’. தங்கையின் மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு மருந்தகத்தில் கம்பவுண்டர். அவர் போன பிறகும் அவருடைய கண்ணாடி அலமாரி பாட்டில்களோடு அப்படியே கூடத்தில் நின்றது. அப்பா தொட்ட சாமான் என்று மெக்கானிக் அதில் யாரையும் கை வைக்க விடுவதில்லை.

“அண்ணா, வாலுக்கு வயித்துல புழு. ராத்திரியெல்லாம் அரிப்பு, தூங்கவே மாட்டேங்கறா. பக்கத்து கிளினிக் பூட்டியிருக்கு. எங்க மாமனார் அலமாரியில புழுவுக்குன்னு ஒரு பாட்டில் இருக்கு. சீல் கூட உடைக்கலை. அதைக் குடுக்கலாமா?”

“பேர் என்ன போட்டிருக்கு? எழுத்து எழுத்தாச் சொல்லு.”

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஆறாவது எழுத்திலேயே அகராதியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“வெர்மிஃபியூஜ்! அட, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்னிக்கு டாக்டரோட சண்டை. நீ அதையே கேக்கறே பாரு.” பிறகு வேர் வந்தது, பொருள் வந்தது, காய்ச்சலை விரட்டுகிற மருந்து உதாரணமாக வந்தது. தங்கை பொறுமையாக ‘உம்’ கொட்டினாள். பின்னால் பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

“அப்ப இது விஷமில்லையேண்ணா?”

“பேரிலேயே இருக்கேம்மா. கொல்றதுக்கு வேற பேரு. இது விரட்டும், கொல்லாது. சாது.”

“எவ்வளவு குடுக்கணும்கற இடத்துல எழுத்து அழிஞ்சு போயிருக்கு.”

“மருந்துன்னா ஸ்பூன் கணக்காத்தான் இருக்கும், நல்லாப் பாரு. இன்னொண்ணு கேளு, பாரசைட்டுன்னு சொல்றாங்களே, அதுக்கு மூலத்துல என்ன அர்த்தம் தெரியுமா? பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடறவன். அடுத்தவன் இலையில…”

“அண்ணா, அவ அழறா. அப்புறம் பேசறேன்.”

போன் அடங்கியது. “டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருக்கலாமே” என்றாள் மனைவி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “காட்டுவா, காட்டுவா” என்று அவர் அடுத்த சீட்டை எடுத்தார். பாரசைட்டை முழுசாகச் சொல்ல முடியாமல் போனது அவருக்குக் கொஞ்சம் குறையாக இருந்தது.

தங்கை ஒரு ஸ்பூன் கொடுத்தாள். விடிந்து பார்த்தால் புழு ஒன்றையும் காணோம். சாதுவான மருந்துதானே, அதனால் மெதுவாக வேலை செய்கிறது போலிருக்கிறது என்று இன்னொரு ஸ்பூன் கொடுத்தாள். மத்தியானம் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாந்தி எடுத்தாள். காதுக்குள் வண்டு கத்துகிறது என்றாள். அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

அகராதியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைத் தீவிர சிகிச்சைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். தங்கை வராந்தா பெஞ்சில் அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குட்டி டாக்டர் ஒருத்தி அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ஓடிப்போய்ப் பெரிய டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள்.

“இந்த எண்ணெய் இன்னும் உலகத்துல இருக்கா?” என்றார் டாக்டரம்மா. “நாங்க படிக்கும்போதே இதை விட்டுட்டாங்க. சொட்டுக் கணக்குல குடுக்கற மருந்துமா இது. அப்பவே ஒரு சொட்டு கூடினா ஆளுக்குக் காது போயிடும்னு பயந்து பயந்து குடுப்பாங்க. யார் குடுத்தது?”

“நான்தான்” என்றாள் தங்கை.

பிழைத்துக்கொண்டாள் வாலு. வலிப்பு நின்றது, கண் திறந்தாள், தண்ணீர் கேட்டாள். எல்லோரும் தெய்வத்தைக் கும்பிட்டார்கள். ஆனால் தண்ணீர் கொடுத்த நர்ஸ் என்ன பேசினாலும் பிள்ளை அவள் வாயையே பார்த்தாள். பிறகு அம்மா வாயைப் பார்த்தாள். “ஏம்மா எல்லாரும் ரகசியமாப் பேசறீங்க?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். அந்த வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு காதும் போய்விட்டது. நரம்பு பட்டுப்போனால் திரும்பாது, வேறு கருவிகளைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா.

வெளியூரிலிருந்து ஓடி வந்த மெக்கானிக் அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம். அவர் கத்துகிற ரகமில்லை. மனைவியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்கண்ணன் டாக்டருங்களுக்கே புத்தகம் எழுதறவரு. அவரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

தங்கை அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அகராதியார் அங்கேயே, இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சொல்லிவிடவும் தைரியமில்லை. நடுவில் ஒரு வழி இருந்தது. அதில் இறங்கிவிட்டார்.

“கேட்டா மாப்பிள்ளை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டா. சொன்னேன். மருந்து குடுக்கப் போறான்னு எனக்கு…” என்று இழுத்தார்.

தங்கையின் உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது. “ஆமா” என்றாள், “அர்த்தம்தான் கேட்டேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் என்பார்கள். அகராதியார் மறைத்தது முழுக்காய்கூட இல்லை. ‘குடுக்கலாமா’ என்ற ஒரே சொல்லைத்தான் மறைத்தார். சொற்களை எடை போட்டே சோறு தின்கிறவருக்கு அந்த ஒன்றின் எடை தெரியாதா என்ன? தெரிந்தேதான் மறைத்தார். கூடப் பிறந்தவள் அதை மூடி வைத்தாள்.

அன்றிலிருந்து மெக்கானிக் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருப்பது எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் மற்ற வீடுகளில் நடுவில் ஒரு பிள்ளை ஓடும். ‘உங்கம்மாகிட்ட சட்டை எங்கேன்னு கேளு’, ‘உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு’ என்று வண்டி எப்படியோ உருளும். இரண்டு நாள் அப்படி ஓடிவிட்டு, மூன்றாம் நாள் பிள்ளை எதையாவது மாற்றிச் சொல்லி, இருவருக்கும் சிரிப்பு வந்து, சண்டை தீர்ந்துபோகும். இந்த வீட்டில் அதற்கும் வழியில்லை. அவர் வந்தால் தட்டு வைக்கப்பட்டது. சாப்பிட்டுவிட்டு எழுந்தார். தேவையான சாமானை அவரே தேடி எடுத்துக்கொண்டார். மகளோடு மட்டும் பழைய மாதிரியே பேசினார். அவளுக்குக் கேட்காது என்று தெரியும், பழக்கத்தை விட முடியவில்லை. “ஏம்மா, சாப்பிட்டியாம்மா” என்று அவள் முகத்துக்கு நேரே குனிந்து பேசுவார். பிள்ளை அவர் உதட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பாள்.

அகராதியார் வாரம் தவறாமல் போனார். கதவைப் படார் படாரென்று சாத்தி, அதன் அதிர்வை உள்ளங்கையில் பிடித்து விளையாடுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தங்கை காப்பி கொடுப்பாள். “அண்ணி சுகமா? இருமல் எப்படி இருக்குண்ணா?” என்று கேட்பாள். ஒரு நாளாவது முகத்தைத் திருப்பியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள் அவர் கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், “அவர் பேசாம இருக்கறது கூடப் பொறுத்துக்குவேண்ணா” என்றாள். “வாலு என்னையே பார்க்கறா. நான் ஏதோ அவகிட்ட சொல்லாம மறைக்கிறேன்னு நினைச்சுக்கறா.” பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அகராதியாருக்கு அழுகை வந்தது.

அச்சக மாடியில் வேலை ஓடவில்லை. கடைசியில் டாக்டரிடம் அந்த எண்ணெயைப் பற்றிக் கேட்டார், வேறு யாருக்கோ நடந்த மாதிரி.

“அதுவா? கடுமையான நச்சாச்சே” என்றார் டாக்டர். “அதைக் குடிச்சா புழு மயங்கிக் குடலைப் பிடிச்ச பிடியை விட்டுடும். கூடவே பேதிக்குக் குடுத்தா தானா வெளிய வந்துடும். புழு சாகலை பாருங்க, அதான் விரட்டின்னு பேரு வந்துச்சு. நீங்க சண்டை போட்டு வாங்கினீங்களே, அதேதான்.”

“அப்ப பேர் சாதுவாத்தானே இருக்கு?”

“புழுவுக்கு என்ன ஆகும்னுதானே அந்தப் பேர் சொல்லுது. குடிக்கிறவனுக்கு என்ன ஆகும்னு அதுல எங்க இருக்கு?”

அகராதியார் பெட்டியிலிருந்து ‘புழுவிரட்டி’ சீட்டை எடுத்தார். வேரும் பொருளும் உதாரணமும் இருந்த இடத்துக்குக் கீழே, ‘இப்பெயர் கொண்ட பழைய மருந்துகளுள் சில கொடிய நச்சுத்தன்மை உடையவை, காதுகேளாமை உண்டாக்கும், வீட்டில் கிடைப்பவற்றை உபயோகிக்கலாகாது’ என்று பொடி எழுத்தில் எழுதினார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது அகராதியா, போலீஸ் நோட்டீஸா? எச்சரிக்கை எல்லாம் நம்ம வேலையில்லைன்னு நீங்கதானே சொல்லுவீங்க” என்றார். “இது மட்டும் இருக்கட்டும்” என்றார் அகராதியார். அவர் குரலைக் கேட்டு டாக்டர் அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சீட்டை எழுதியதில் நெஞ்சு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது அவருக்கு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லவும் செய்தார். இனிமேல் ஒரு பிள்ளைக்கும் இப்படி ஆகக்கூடாது பார், புத்தகத்திலேயே ஏற்றிவிட்டேன் என்றார்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அதுவரை ஒரு பேச்சும் எடுக்காதவள்.

“புத்தகத்துல எழுதிட்டா ஆச்சா? அந்தப் புத்தகம் என்னைக்கு வந்து, மாப்பிள்ளை என்னைக்குப் படிக்கப் போறாரு?”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

“அவ அர்த்தமா கேட்டா? நான் பக்கத்துலதானே இருந்தேன். குடுக்கலாமான்னு கேட்டா. நீங்க பிரசங்கம் பண்ணினீங்க. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருக்கலாமேன்னு நான் சொன்னேன், அப்பவே நான் போனைத் திரும்பப் போட்டிருக்கணும், போடலை. அது என் பாவம், நான் சுமக்கறேன். உங்களோடதையும் சேர்த்து உங்க தங்கச்சி சுமக்கறா. நானே போய்ச் சொல்லிடுவேன், ஆனா நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னாத்தான் அவளுக்குப் பிரயோஜனம்.”

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சொன்னவன் இந்த வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னானோ என்னவோ. அகராதியார் அன்று சாப்பிடவில்லை. விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை அவரை அடிக்கலாம், இனிமேல் வீட்டு வாசல்படி மிதிக்காதே என்று சொல்லலாம். எது நடந்தாலும் தங்கைக்கு அவள் வீடு திரும்பக் கிடைத்தால் போதும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார்.

அன்று விடுமுறை. மெக்கானிக் கூடத்தில் பாயை விரித்து, ஒரு பழைய ஃப்ரிட்ஜ் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி அலமாரி இருந்த இடம் காலியாக இருந்தது. சுவரில் அதன் அளவுக்கு வெளுத்த தடம். உள்ளே, சமையலறை ஜன்னலோரம் தங்கை மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கூடத்துக்கு முதுகு காட்டியிருந்ததால் அண்ணன் வந்ததை அவள் பார்க்கவில்லை.

“வாங்க மச்சான்” என்றார் மெக்கானிக்.

அகராதியார் நாற்காலியில் உட்காராமல் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில நான் சொன்னது நிஜமில்லை. அவ அர்த்தம் கேக்கலை. குடுக்கலாமான்னு கேட்டா.”

மெக்கானிக்கின் கையில் திருப்புளி நின்றது. “நீங்க என்ன சொன்னீங்க?”

“அர்த்தம் சொன்னேன்.”

“குடுன்னு சொன்னீங்களா?”

தப்பிப்பதற்கு இங்கேயும் ஒரு சந்து திறந்திருந்தது. அகராதியார் அதைப் பார்த்தார். இந்தத் தடவை அதில் நுழையவில்லை.

“அந்த வார்த்தையைச் சொல்லலை. ஆனா விஷமான்னு கேட்டா, இல்லைன்னேன். எவ்வளவுன்னு கேட்டா, ஸ்பூன்னேன். குடுன்னு சொன்னதுக்கு அது மேல. எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுன்னு சொல்ல வேண்டியவன் நான். சொல்லலை.”

மெக்கானிக் திருப்புளியைக் கீழே வைத்தார். மோட்டாருக்குள் இருந்து எண்ணெய் கசிந்து பாயில் பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைத் துடைக்கவில்லை.

“அந்த அலமாரியைக் காலி பண்ணுங்கன்னு அவ எத்தனை தடவை சொன்னா தெரியுமா மச்சான்?” என்றார் கடைசியில். “நான்தான் கேக்கலை. அதையும் அவ ஆஸ்பத்திரியில சொல்லலை.”

“சொல்ல மாட்டா.”

“இத்தனை நாளா அவகூட நான் ஒரு வார்த்தை பேசலை.”

“தெரியும்.”

“தெரியுமா?” மெக்கானிக் தலையைத் தூக்கினார். அந்தப் பார்வையை எதிர்கொள்வதைவிட அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது அகராதியாருக்கு. “தெரிஞ்சுமா வாராவாரம் வந்து உட்கார்ந்து காப்பி குடிச்சிட்டுப் போனீங்க?”

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற மனிதர் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. அகராதியார் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே சீப்பு முடியில் இறங்குகிற சத்தம்கூடக் கேட்டது.

“இப்ப நான் என்னன்னு போய் ஆரம்பிப்பேன்?” என்றார் மெக்கானிக். அவரைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

எழுந்தார். கந்தல் துணியில் விரல் விரலாகக் கையைத் துடைத்தார். சமையலறை வாசலுக்குப் போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கை பின்னலைப் பிரித்து மறுபடி வாரிக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். அவள் கை நிற்கவில்லை.

“ஏம்மா” என்றார்.

கூடத்தில் இருந்த அகராதியாருக்கே அது யாரோ வேற்று மனிதர் குரலாகத்தான் கேட்டது. இருந்தாலும் சமையலறைக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

தங்கைக்குக் கேட்டது. ஆனால் அந்த ‘ஏம்மா’ இத்தனை நாளாகப் பிள்ளைக்குத்தான், அதனால் அவள் திரும்பவில்லை. சீப்பை மடியில் வைத்தாள். மகளின் தோளைத் தட்டி, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, பின்னால் வாசலைக் கையால் காட்டினாள்.

“அப்பா கூப்பிடறாங்க பாரு” என்றாள், பிள்ளைக்குப் புரியவேண்டும் என்று வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக.